அம்மா தூக்கிப் போட்டது

உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஓர் அட்டை. நீலப் பின்னணியில் ஓர் இளைஞன், தோளில் மஞ்சள் நிற மட்டையோடு எங்கேயோ மேலே பார்த்துக்கொண்டிருக்கிறான். பெயர் மிக்கி மேன்டில். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர். 1952-ல் பபிள்கம் பாக்கெட்டோடு ஐந்து சென்ட்டுக்கு, ஏன், ஒரு சென்ட்டுக்கும்கூடக் கிடைத்த சமாசாரம். 2022 ஆகஸ்ட்டில் ஹெரிடேஜ் என்கிற ஏலக் கம்பெனி அதில் ஒன்றை விற்றபோது விலை 1 கோடியே 26 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் நம் பணம் சுமார் நூறு கோடி ரூபாய்.

மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். நானும் விட்டுக்கொண்டேன்.

தங்கம் என்றால் உருக்கலாம். நிலம் என்றால் வேலி போடலாம், வாடகைக்கு விடலாம், பங்காளியோடு சண்டை போடலாம். இந்த அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பார்க்கலாம். அதுவும் கண்ணாடி மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்திருப்பதால் தொடக்கூட முடியாது. பி.காம். படித்த மனசு இதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஐந்தொகையில் எந்தத் தலைப்பில் எழுதுவது இதை?

விடை தேடி இரண்டு புத்தகங்கள் படித்தேன். ஒன்று, டேவ் ஜேமீசன் என்ற பத்திரிகையாளர் 2010-ல் எழுதிய 'மின்ட் கண்டிஷன்'. இன்னொன்று, 1973-ல் பிரெண்டன் பாய்ட், ஃபிரெட் ஹாரிஸ் என்ற இரண்டு நண்பர்கள் சேர்ந்து எழுதியது. அதன் பெயரைச் சொல்வதற்குள் பபிள்கம் வாயில் ஒட்டிக்கொள்ளும்: 'தி கிரேட் அமெரிக்கன் பேஸ்பால் கார்டு ஃபிளிப்பிங், டிரேடிங் அண்ட் பபிள்கம் புக்'. இரண்டும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகின்றன. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இது ஒரே நாடா என்று சந்தேகம் வரும்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

பேஸ்பால் கார்டு என்பது 1880-களில் சிகரெட் பாக்கெட்டுக்குள் பிறந்தது. அந்தக் கால பாக்கெட் மெல்லிய தாள். சிகரெட் நசுங்கிவிடும். நிமிர்த்தி வைக்க ஓர் அட்டை தேவைப்பட்டது. வெறும் அட்டை வைப்பானேன், ஒரு நடிகையின் படத்தையோ ஆட்டக்காரரின் படத்தையோ அச்சடித்து வைப்போமே என்று எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியது. சிகரெட் அப்பாவுக்கு, அட்டை பையனுக்கு. பிறகு மிட்டாய் வந்தது, பபிள்கம் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி களத்தில் இறங்கியது. சை பெர்கர் என்ற இளைஞரும் வூடி கெல்மன் என்பவரும் பெர்கரின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அட்டை, கத்தரி, பசை எல்லாம் வைத்து வெட்டி ஒட்டி உருவாக்கியதுதான் 1952 வரிசை. முன்பக்கம் வண்ணப் படம், கையெழுத்து, அணியின் சின்னம். பின்பக்கம் வீரரின் ஜாதகம், ஆட்டக் கணக்கு. இன்றுவரை பேஸ்பால் கார்டு என்றால் ஏறத்தாழ அதே அச்சுதான்.

பையன்கள் இதை வைத்து என்ன செய்தார்கள்? அதுதான் முக்கியம். சுவரோரம் வீசி யாருடையது கிட்டே விழுகிறது என்று பந்தயம் கட்டினார்கள். பூவா தலையா போட்டு ஜெயித்தார்கள், தோற்றார்கள். நம்மூரில் தீப்பெட்டிப் படத்துக்காக மண்டை உடைத்துக்கொண்டவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. பிடிக்காத வீரரின் கார்டைத் துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் மாட்டினால் மோட்டார் சைக்கிள் மாதிரி படபடவென்று சத்தம் வரும். மீதியை ரப்பர் பேண்டு போட்டு ஷூ டப்பாவில் அடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள்.

பையனுக்குப் பதினைந்து வயசாகும். கார்டு போய் கார் வரும், பெண்கள் வருவார்கள். பிறகு கல்லூரிக்குப் போவான். ராணுவத்துக்குப் போவான். வீட்டில் அம்மா ஒரு நாள் அறையை ஒழிப்பாள்.

அமெரிக்காவில் வயசான யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "என்கிட்டயும் இருந்துச்சு சார், ஒரு பெட்டி நிறைய. எங்கம்மா தூக்கிப் போட்டுட்டாங்க. இல்லேன்னா நான் இன்னிக்கு கோடீஸ்வரன்." ஏறத்தாழ தேசிய கீதம் இது. ஒரு தலைமுறை முழுக்கத் தங்கள் தாயார் மீது பாசத்தோடும் ஆற்றாமையோடும் சுமத்தியிருக்கிற குற்றச்சாட்டு.

இந்த வழக்கில் நான் அம்மாக்கள் பக்கம்.

எதிர்க்கட்சியின் சாட்சியையே கூப்பிடுகிறேன். 1952-ல் டாப்ஸ் அந்த வரிசையைப் பகுதி பகுதியாக வெளியிட்டது. கடைசிப் பகுதி கடைக்கு வரும்போது சீசன் முடிகிற நேரம். பையன்கள் கால்பந்துக்குத் தாவிவிட்டார்கள். வாங்க ஆளில்லை. மேன்டில் கார்டு இருப்பது அந்தக் கடைசிப் பகுதியில்தான். மூட்டை மூட்டையாகத் தேங்கிப் போனது. பெர்கர் அதைத் திருவிழாக் கடைகளுக்கு விற்றுப் பார்த்தார், பைசாவுக்குப் பத்து என்கிற ரேட்டில் தள்ளிவிடப் பார்த்தார். நடக்கவில்லை. 1960-ல் கிடங்கில் இடம் வேண்டும் என்று, மூன்று குப்பை லாரி அளவுக்கு ஏற்றிப் படகில் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார். அவரே பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொன்ன கதை.

எத்தனை அம்மாக்கள் சேர்ந்தால் மூன்று லாரி ஆகும்? ஆனால் 2014-ல் காலமாகும்வரை பெர்கருக்கு இருந்த பட்டம் என்ன தெரியுமா? 'நவீன பேஸ்பால் கார்டின் தந்தை.' கடலில் கொட்டிய தந்தைக்குப் பட்டம். குப்பைத் தொட்டியில் போட்ட தாய்க்குக் கெட்ட பெயர்.

இன்னொன்றும் கவனியுங்கள். கைவிட்டவன் பையன். ஐந்து வருஷமாகத் திரும்பிப் பார்க்காத பெட்டி அது. அம்மா செய்தது அடக்கம் மட்டும்தான்.

அதோடு ஒரு சின்னப் பொருளாதாரம். அத்தனை அம்மாக்களும் பத்திரமாக வைத்திருந்தால் அந்த நூறு கோடி வந்திருக்குமா? வந்திருக்காது. இதற்கு நிரூபணமே இருக்கிறது.

1970-களின் கடைசியில் இந்தப் பையன்கள் நாற்பதை நெருங்கிவிட்டார்கள். கையில் காசு. மனசில் ஏக்கம். தொலைத்ததைத் திரும்ப வாங்க ஆரம்பித்தார்கள். ஜேம்ஸ் பெக்கெட் என்ற புள்ளியியல் பேராசிரியர் 1979-ல் விலைப்பட்டியலைப் புத்தகமாகப் போட்டார், 1984-ல் அதையே மாதப் பத்திரிகையாக்கினார். ஷூ டப்பாவுக்குள் கிடந்த சாமானுக்கு ஷேர் மார்க்கெட் மாதிரி மேல் அம்புக்குறி, கீழ் அம்புக்குறி. இதற்கு நடுவே டாப்ஸின் ஏகபோகம் 1980-ல் ஒரு கோர்ட் தீர்ப்பால் உடைந்து, 1981-ல் ஃப்ளீர், டான்ரஸ் என்று போட்டிக் கம்பெனிகள் நுழைந்தன. 1989-ல் அப்பர் டெக் வந்தது. ஹாலோகிராம் முத்திரை, பளபளக்கும் உறை, கென் கிரிஃபி ஜூனியர் என்ற பத்தொன்பது வயசுப் பையனின் படம் முதல் நம்பரில்.

அமெரிக்க அம்மாக்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். இந்தத் தடவை எதையும் தூக்கிப் போடவில்லை. அப்பாக்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கி வைத்தார்கள், பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகுமென்று. கம்பெனிகள் ராத்திரி பகலாக அச்சடித்தன. முடிவு? 1994 ஆகஸ்ட்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து அந்த வருஷத்து வேர்ல்ட் சீரீஸே ரத்தானபோது மார்க்கெட் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த கார்டுகளுக்கு இன்று சேகரிப்பவர்கள் வைத்திருக்கிற பெயர் 'ஜங்க் வாக்ஸ்'. குப்பை என்று அர்த்தம். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் குப்பை.

அந்தக் காலத்துப் பிள்ளைதான் ஜேமீசன். பெற்றோர் வீட்டில் விட்டு வைத்திருந்த தன் சேகரிப்பை விற்கலாம் என்று கிளம்புகிறார். சின்ன வயசில் தெரிந்த கார்டு கடைகள் மூடிக் கிடக்கின்றன. இன்டர்நெட்டில் போட்டால் யாரும் சீந்தவில்லை. "அப்படியானால் நாங்கள் எதை நம்பினோம்?" என்ற கேள்வியோடு புத்தகம் புறப்படுகிறது. நல்ல புறப்பாடு.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் உழைத்திருக்கிறார். சிகரெட் கம்பெனிகளின் சண்டை, பபிள்கம் கம்பெனிகளின் சண்டை, ஆட்டக்காரர்களுக்கு வருஷத்துக்கு 125 டாலர் கொடுத்து டாப்ஸ் காலம் தள்ளியது, தொழிற்சங்கத் தலைவர் மார்வின் மில்லர் 1968-ல் அதை 250 ஆக்கி விற்பனையில் பங்கும் வாங்கியது எல்லாம் இருக்கிறது. (கோடிகளில் சம்பளம் வாங்கும் இன்றைய பேஸ்பால் வீரர்களின் சங்கம் ஆரம்ப நாளில் நிமிர்ந்து நின்றதில் பபிள்கம் காசுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்குப் புதிய செய்தி.) வியாபார வரலாறு என்ற அளவில் புத்தகம் கச்சிதம்.

ஆனால் அவர் ஒரு கதவு வரை வந்து, தட்டாமல் திரும்பிப் போகிறார். அந்தக் கதவுக்குப் பெயர் தரம் பிரித்தல்.

1991-ல் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் தோன்றியது. கார்டை அனுப்பினால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒன்று முதல் பத்து வரை மார்க் போட்டுப் பிளாஸ்டிக்கில் சீல் வைத்துத் தருவார்கள். நான்கு மூலையும் கூராக இருக்கிறதா? ஓரத்து வெள்ளை இரண்டு பக்கமும் சமமா? மடிப்பு, கீறல், கறை உண்டா? எட்டு மார்க் கார்டுக்கும் பத்து மார்க் கார்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதே வரிசையில் வந்த, அதே படம் போட்ட கார்டுகள்தான்.

இப்போது மேலே சொன்ன பையனை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் வீசினான்: மூலை மழுங்கியது. ரப்பர் பேண்டு போட்டான்: ஓரத்தில் பள்ளம். பாக்கெட்டிலேயே பபிள்கம்மின் கறை படிந்திருந்தது. எந்தக் கார்டெல்லாம் கிடைத்தது என்று குறித்து வைக்கவே டாப்ஸ் 'செக்லிஸ்ட்' என்று ஒரு கார்டு போடும், பெயருக்கு நேரே கட்டத்தோடு. பையன் ஒவ்வொன்றாகப் பேனாவால் டிக் அடித்தான். அடித்ததற்காகவே அந்தக் கார்டு இன்று செல்லாக்காசு. டிக் அடிக்கத் தயாரித்த அட்டையில் டிக் அடிக்காமல் விட்டால்தான் விலை!

எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. எந்திரம் ஓட ஓடத் தேயும், தேயத் தேய மதிப்பு குறையும். அது எந்திரத்துக்குச் சரி. இங்கே தேய்மானம் என்று கழிக்கப்படுவது எது? அந்தப் பையன் கார்டின் மேல் வைத்திருந்த ஆசை. அவன் கை பட்ட இடமெல்லாம் கழிவு.

நூறு கோடி மேன்டில் கார்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1980-களின் நடுவில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், விற்காமல் தங்கிப்போன 1952 சரக்கு அப்படியே கிடந்தது. ஆலன் ரோசன் என்ற வியாபாரி போய் அள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஒன்று 1991-ல் ஐம்பதாயிரம் டாலருக்குக் கைமாறி, 2022-ல் அந்த விலைக்குப் போனது. எஸ்.ஜி.சி. என்கிற இன்னொரு நிறுவனம் போட்ட மார்க் 9.5. முப்பது வருஷத்துக்கும் மேல் அது எந்தப் பையனிடமும் இருக்கவில்லை. யாரும் அதற்காகச் சண்டை போடவில்லை, தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் பால்யத்தை நூறு கோடி கொடுத்து வாங்குகிறார்கள் என்று எழுதுகிறார்கள். யாருடைய பால்யம்? அந்த அட்டையில் ஒரு குழந்தைகூட இல்லையே சாமி.

இதைவிடப் பெரிய கூத்து ஹோனஸ் வாக்னர் கார்டு. 1909-ல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தொடங்கிய வரிசை. வாக்னர் தன் படத்தைப் போடக்கூடாது என்று தடுத்துவிட்டார். குழந்தைகள் சிகரெட் பாக்கெட் வாங்குவது பிடிக்கவில்லை என்று ஒரு கட்சி, காசு தரவில்லை என்று கோபம் என்று இன்னொரு கட்சி. எப்படியோ, வெளியே வந்தது கொஞ்சம்தான். அதில் ஒன்றை ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் கூட்டாளியும் 1991-ல் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. முதன்முதலாக மார்க் போட்ட கார்டே அதுதான். எட்டு மார்க். எண்பது வருஷத்துக் கார்டின் ஓரங்கள் எப்படி இவ்வளவு கூராக இருக்கின்றன என்று பலர் முணுமுணுத்தார்கள். 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குப் போனது. 2013-ல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், ஏல மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது இதையும் ஒப்புக்கொண்டார்: ஓரங்களை வெட்டிச் சீராக்கியது அவர்தான். 2015-ல் ஜெயில் தண்டனை கிடைத்தது. தரத்துக்கே அளவுகோலாக இருந்த கார்டின் கதை இது. ஜேமீசனின் புத்தகத்தில் இந்தச் சந்தேகமும், மடிப்பை எடுக்கிற, கறையை நீக்குகிற 'கார்டு டாக்டர்'களும் விரிவாக வருகிறார்கள். சுவாரசியமாகத்தான் எழுதுகிறார். ஆனால் அவர் கேட்கிற கேள்வி, "யார் ஏமாற்றினார்கள்?" நான் எதிர்பார்த்த கேள்வி, "ஏமாற்றாமல் இருந்திருந்தால் மட்டும் அது என்ன?"

சரி, ஏக்கத்துக்கு வருவோம். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

மேன்டில் கார்டு அபூர்வமானது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். 1952 வரிசையில் அதன் எண் 311. அந்தக் கடைசிப் பகுதியில் 311, 312, 313 மூன்றும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அச்சானவை. அதாவது பக்கத்தில் இருக்கிற பெயர் தெரியாத வீரர்களின் கார்டுகள்தான் இதைவிட அபூர்வம். போகட்டும், புகழுக்கு விலை. அப்படியானால் 312 யார்? ஜாக்கி ராபின்சன். 1947-ல் நிறவெறியின் சுவரை உடைத்துக்கொண்டு மேஜர் லீகுக்குள் நுழைந்த முதல் நவீனக் கறுப்பின வீரர். அதே தாள், அதே பகுதி, அதே இரட்டை அச்சு, அடுத்த எண். அமெரிக்க வரலாற்றில் மேன்டிலைவிடப் பெரிய பெயர். ஆனால் கார்டு விலையில் மேன்டிலுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

நிறம் மட்டும்தான் காரணம் என்று கையை ஓங்க மாட்டேன். ராபின்சன் 1956-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். மேன்டில் 1968 வரை ஆடினார், அதுவும் யாங்கீஸ் என்ற பெரிய அணிக்கு. பின்னாளில் காசு சேர்த்த பையன்கள் டி.வி.யில் பார்த்து வளர்ந்தது அவரைத்தான். அதெல்லாம் சரி. ஆனால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் 1959 வரை ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை என்பதும் அதே பொற்காலத்தில்தான் நடந்தது. 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடுபவர்கள் அந்தக் காலத்தின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது விலைப்பட்டியலில் லேசாகத் தெரிகிறது. ஜேமீசன் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

இனி 1973 புத்தகம். எனக்குப் பிடித்தது இதுதான் என்று இதற்குள் யூகித்திருப்பீர்கள்.

பாய்டும் ஹாரிஸும் விலையைப் பற்றி அலட்டிக்கொள்வதே இல்லை. அலட்டிக்கொள்ள அப்போது பெரிய விலையும் இல்லை. தாங்கள் ஐம்பதுகளில் வளர்ந்த கதையைச் சொல்லிவிட்டு, கார்டு கார்டாகப் படத்தைப் போட்டுப் பக்கத்தில் நாலு வரி, பத்து வரி எழுதிக்கொண்டு போகிறார்கள். பெரிய நட்சத்திரங்களைவிட அவர்களுக்கு ரொம்ப இஷ்டம், ஒன்றுக்கும் உதவாத ஆட்டக்காரர்கள். பந்தைக் கோட்டை விட்டவர்கள், தப்பான கோணத்தில் போட்டோவுக்கு நின்றவர்கள், ஒரு சீசனோடு காணாமல் போனவர்கள். சக்கையாகக் கலாய்க்கிறார்கள். ஆனால் படித்துக்கொண்டே போகும்போது ஒன்று புரிகிறது: உலகத்தில் அந்த ஆட்டக்காரரை ஞாபகம் வைத்திருப்பது இந்த இரண்டு பேர் மட்டும்தான். ஏனென்றால் பத்து வயசில், மேன்டிலுக்கு ஆசைப்பட்டுப் பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் இந்த முகம்தான் வந்தது. அதே முகம் ஏழாவது தடவையாக வந்தால் யாருக்குத்தான் மறக்கும்?

ஏக்கம் என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். கிடைத்ததைப் பற்றிய ஏக்கம். 1 கோடியே 26 லட்சம் என்பது கிடைக்காததைப் பற்றிய ஏக்கம். முதலாவதில் சிரிப்பு இருக்கிறது. இரண்டாவதில் இன்ஷூரன்ஸ் இருக்கிறது.

குறையும் இல்லாமல் இல்லை. பாய்ட் - ஹாரிஸின் உலகத்தில் பெண் பிள்ளைகளுக்கு வேலையே இல்லை. சில கிண்டல்கள் இன்று படிக்கும்போது கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கின்றன. அதோடு, இந்தப் புத்தகம் வந்த பிறகுதான் வளர்ந்த ஆண்கள் பலர் வெட்கப்படாமல் கார்டு பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம். வெட்கம் விலகிய இடத்தில் வியாபாரி வந்து கடை போட்டான். பாவம், அவர்கள் சிரிக்கத்தான் சொன்னார்கள்.

ஜேமீசன் புத்தகத்திலும் எனக்கு மறக்காத ஒரு மனிதர் வருகிறார். ஜெஃபர்சன் பர்டிக். சிராகியூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்யாணம் ஆகவில்லை. மூட்டுவாதம் கையை முடக்கிக்கொண்டே வந்தது. கார்டுகளுக்கு முதன்முதலாக ஒழுங்கான அட்டவணை போட்டவர் அவர்தான். வாக்னர் கார்டின் வரிசைக்கு 'டி206' என்ற எண்ணும் அவர் கொடுத்ததே. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குச் சும்மா கொடுத்தார். அதில் முப்பதாயிரம் பேஸ்பால். ஆல்பம் ஆல்பமாக அவரே உட்கார்ந்து அடுக்கினார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை வைத்து முடித்தார். மார்ச்சில் காலமானார்.

அவர் அடுக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். பசை போட்டு ஒட்டினார். வாக்னர் உள்பட. இன்றைய தரம் பிரிப்பவர்களிடம் இப்படிப் பசை போட்ட கார்டைக் காட்டினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். பர்டிக்குக்கு அது விற்கிற பொருளாகவே தோன்றவில்லை. பார்க்கிற பொருள். பார்க்க வசதியாக ஒட்டி வைத்தார்.

அப்புறம் நடந்தவை வேகமாக நடந்துவிட்டன. பபிள்கம் கார்டில் கறை படுத்துகிறது என்று சேகரிப்பவர்கள் புகார் சொல்ல, 1991 வரிசையோடு டாப்ஸ் தன் பாக்கெட்டிலிருந்து பபிள்கம்மையே எடுத்துவிட்டது. கொரோனா காலத்தில் மறுபடி விலை எகிறியது. 2021 மே மாதம் விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடை வாசலில் கார்டுக்காக அடிதடி நடந்து ஒருவர் துப்பாக்கியை எடுக்க, டார்கெட் தன் கடைகளில் கார்டு விற்பனையையே சில காலம் நிறுத்தி வைத்தது. சண்டை போட்டவர்கள் பையன்கள் இல்லை. வளர்ந்த ஆண்கள். 2022 ஜனவரியில் டாப்ஸ் ஃபனடிக்ஸ் என்ற கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

பி.எஸ்.ஏ. போடுகிற மார்க்குக்குப் பக்கத்தில் சில சமயம் இரண்டு எழுத்து இருக்கும். கறை இருந்தால் எஸ்.டி. பேனா, பென்சில் கிறுக்கல் இருந்தால் எம்.கே. இந்த எம்.கே. கார்டுகளை மட்டும் தேடித் தேடி வாங்குகிற ஒரு சின்னக் கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. விலை மலிவு என்பதற்காக மட்டுமல்ல.

அந்தக் காலப் பையன்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கார்டில் இருக்கிற வீரர் அணி மாறிவிட்டால், பழைய அணியின் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதிவிடுவார்கள். கார்டு அப்டுடேட்டாக இருக்க வேண்டுமே. 1957 சீசன் முடிந்ததும் டாட்ஜர்ஸ் அணி, மொத்தமாக, புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. ராபின்சன் ஆடிய அணி. டாப்ஸ் கம்பெனி இருந்த அதே ஊரின் அணி. ஊரே அழுத சமாசாரம். அந்த வருஷத்துக் கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு புரூக்ளின் பையன் ஒருவன் ஒவ்வொன்றாக 'புரூக்ளின்' என்பதை அடித்து, 'லாஸ் ஏஞ்சலஸ்' என்று எழுதியிருப்பான். அல்லது ரோஷப்பட்டு, அடிக்காமல் விட்டிருப்பான். எப்படி இருந்தாலும் பெட்டியைக் குப்பையில் கவிழ்ப்பதற்கு முன்னால் அவன் அம்மா மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்திருப்பாள்.